தன்னைப் பிறனென எண்ணும் உடல்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பெருந்தெருவிலே காரைதீவைக் கடந்ததும் நிந்தவூர் வருகிறது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல், இரண்டுக்கும் இடையே மணலும் தென்னையும் நெருக்கமான வளவுகளும். அவ்வளவுகளின் தாழ்வாரங்களில் பன்பாய் இழைக்கும் பெண்களை முன்னாளில் மிகுதியாகக் காணலாம். பிளாஸ்டிக்குப் பாய் வந்தபின் அவர்தம் தொகை குறைந்துவிட்டது. ஆயினும் அடியோடு இல்லாமற் போகவில்லை. பன்னை அறுத்து, உலர்த்தி, சாயமேற்றி, நிலத்திலே குந்தியிருந்து அவர்கள் இழைக்கும்பொழுது, ஒரு முழப் பாய்க்குள் விரல்கள் எத்தனை முறை மடங்கி நிமிர்கின்றன என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் அயலில் அத்தொழில் செய்த ராத்தா ஒருவர் இருக்கிறார். 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், பாதி இழைத்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுத் தம் கைகளை மடியிலே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

“சுபஹுக்கு எழும்பி வுழூ எடுக்கப் போனா பைப்பத் திறக்க ஏலாம இரிக்கி தம்பி. இது என்ட கையா, ஆருடயும் கையா என்டு தெரியல்ல. வெய்யில் ஏறினாத்தான் விரல் மடங்குது” என்றார்.

தம் கை தம்முடையதுபோல் இல்லை என்று அவர் சொன்னது வெறும் பேச்சு வழக்கென்றே அன்று எண்ணினேன். அந்நோயைப் பற்றி அறிஞர் எழுதியவற்றைப் பின்னர் படித்தபொழுதுதான், அறியாமலே அவர் நோயின் வேரைத் தொட்டுவிட்டார் என்பது விளங்கிற்று. உடலானது தன் உறுப்பொன்றைத் தனது என்று அடையாளங் காணத் தவறுவதே அந்நோய்.

காய்ச்சலும் வாதமும்

அயலவர் எல்லாரும் அன்று ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. 2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கல்முனைப் பகுதியிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம், கொழும்பு முதலிய இடங்களிலும் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவிற்று. 1960களின் பின் இந்நாடு மறந்திருந்த நோய் அது. 2007ஆம் ஆண்டின் முதல் மாதங்களுக்குள் 37,000க்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவரெனச் சந்தேகிக்கப்பட்டனர். வீட்டுக்கு வீடு மனிதர் சுவரைப் பிடித்து நடந்த காலம் அது. காய்ச்சல் ஓரிரு கிழமையில் விட்டது. மூட்டு நோ விடவில்லை. ஆகவே அடுத்த ஆண்டில் எவருக்கு எம்மூட்டு நொந்தாலும், “காய்ச்சலின் மிச்சம்” என்று சொல்லி அமைவது ஊர் வழக்காயிற்று.

சிக்குன்குனியா என்ற சொல் கிழக்காபிரிக்காவின் மக்கொண்டே மக்கள் மொழியிலிருந்து வந்தது. வளைந்து குறுகிப் போதல் என்பது அதன் பொருள். 1952, 1953ஆம் ஆண்டுகளில், அன்று தங்கனீக்கா எனப்பட்ட நாட்டில் இந்நோய் பரவியபொழுது அம்மக்கள் அதற்கு இட்ட பெயர் உலகப் பெயராயிற்று. எம் முன்னோர் மற்றொரு நோய்க்கு முடக்குவாதம் என்று பெயரிட்டனர். முடக்குதலும் வளைந்து குறுகுதலும் ஏறத்தாழ ஒன்றே. இரு கண்டத்து மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், இருவேறு நோய்களுக்கு ஒரே பொருளுடைய பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பெயரில் உள்ள இவ்வொற்றுமை வைத்தியருக்கும் ஒரு பொல்லாத சிக்கலாகவே அமைந்தது. இரண்டு நோயிலும் கையின் சிறு மூட்டுகள் வீங்கும், இரு கையிலும் ஒருசேர வீங்கும், காலையில் விறைக்கும். கண்ணால் மட்டும் பார்த்து இஃது இன்னதென்று துணிவது எளிதன்று.

ஆனால் முடிவு வேறு. சிக்குன்குனியா வைரசினால் வந்த வீக்கம் பெரும்பாலாருக்குச் சில மாதங்களில் வடிந்துவிடும்; சிலருக்கே ஆண்டுக் கணக்கில் நீடிக்கும். முடக்குவாதமோ தானாக வடிவது அரிது. விட்டுவிட்டால் மூட்டின் உள்ளே கசியிழையத்தையும் அதன் கீழுள்ள என்பையும் அரித்து, விரல்களைச் சிறுவிரற் பக்கமாகச் சாய்த்து, ஒருநாள் நிமிர்த்த முடியாத நிலைக்குக் கொண்டு செல்லும். முதுமையில் முழங்காலிலும் விரல் நுனி மூட்டுகளிலும் வரும் தேய்வு வாதம் இதனின் வேறானது. வளர்ந்தோரில் இருநூறு பேருக்கு ஒருவர் முதல் நூறு பேருக்கு ஒருவர் வரை முடக்குவாதம் காணப்படுகிறது. மகாராட்டிரத்தின் பிக்வான் கிராமத்தில் 1996இல் வீடு வீடாகச் சென்று தொடங்கிய கணிப்பிலும் இருநூற்றுக்கு ஒருவர் என்ற அளவே தெரிந்தது. ஆணினும் பெண்ணுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி.

இவ்விரு நோயையும் பிரித்துக் காட்டக்கூடிய அடையாளம் ஒன்று குருதியிலே உண்டு. அவ்வடையாளத்தின் பெயர் நோன்புக் காலத்தில் எங்கள் தெருவோரமெல்லாம் குவிந்து கிடக்கும் வத்தகப்பழத்திலிருந்து வந்தது என்றால் வாசகர் வியப்படையலாம். அங்கே செல்லுமுன் மூட்டின் உட்புறத்தைச் சிறிது நோக்குவோம்.

நூறாண்டு வாழும் நெசவு

இரண்டு என்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் முனைகள் ஒன்றோடொன்று உரசுவதில்லை. வழுவழுப்பான, பளிங்குபோன்ற ஒரு படலம் அவற்றை மூடியிருக்கிறது. பேச்சு வழக்கில் குருத்தெலும்பு என்போம். எம் பாடநூல்கள் கசியிழையம் என்னும். இதற்குக் குருதிக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. பெரும் பகுதி நீர். அந்நீரைப் பிடித்து வைப்பது சீனிச் சங்கிலிகள் செறிந்த ஒருவகைப் புரதம். அதனைக் கட்டுக்குலையாமல் தாங்குவது இரண்டாம் வகைக் கொலாசன் என்னும் நார்ப் புரதம். மூன்று இழைகளை முறுக்கிக் கயிறு திரிப்பதுபோலவே இயற்கை கொலாசனைத் திரித்திருக்கிறது.

இந்தக் கயிற்றின் ஆயுள் பெரிது. எம் உடலின் பெரும்பாலான புரதங்கள் நாட்களிலோ கிழமைகளிலோ அழிந்து புதிதாக்கப்படுகின்றன. கசியிழையத்தின் கொலாசனோ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றாலும் பாதியளவே மாறும் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். இருபது வயதில் மூட்டிலே நெய்யப்பட்டதை எழுபது வயதிலும் சுமந்து திரிகிறோம். நெடுங்காலம் கிடக்கும் பொருளில் மாற்றங்கள் ஏறுவது இயல்பன்றோ? சீனி மூலக்கூறு ஒட்டும், ஒட்சியேற்றம் நிகழும், நொதியங்கள் அங்குமிங்கும் ஓரெழுத்தை மாற்றும். கையெழுத்துப் பிரதியில் பிற்காலத்தார் செய்த திருத்தங்கள்போல இவை மூலத்தின்மேல் படிந்துவிடுகின்றன. ஏடு பதிப்பித்தவர் இத்தொல்லையை நன்கறிவர்.

இனி உடலின் காவல். அந்நியப் பொருளொன்று புகுந்தால் அதனைப் பற்றுவதற்கென்றே உடல் ஆக்கும் புரதத்தை எம் நாட்டுப் பாடநூலாசிரியர் பிறபொருளெதிரி என்று மொழிபெயர்த்தனர். நல்ல மொழிபெயர்ப்பு, பிற பொருளை எதிர்ப்பது என்ற வரையறை சொல்லிலேயே அடங்கிவிட்டது. ஆனால் அது பிறபொருள்தான் என்று யார் தீர்ப்பது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பவுல் ஏர்லிக் உடல் தன்னைத் தானே தாக்க அஞ்சும் என்று கருதி, அவ்வச்சத்துக்கு இலத்தீனில் ஒரு பெயரும் சூட்டினார். அவ்வச்சம் எல்லாரிடத்தும் எப்பொழுதும் இருப்பதில்லை என்பது பின்னரே தெரிந்தது.

தடயம் தேடிய கதை

முடக்குவாதத்தில் உடல் தன்னையே தாக்குகிறது என்ற ஐயத்துக்கு முதற் சான்று 1940இல் நோர்வேயிலிருந்து வந்தது. எரிக் வாலர் என்பவர் நோயாளரின் குருதியில் விந்தையான ஒரு பொருளைக் கண்டார். 1948இல் அமெரிக்காவில் ரோஸ் என்பாரும் அதனையே கண்டார். அது பிறபொருளெதிரியையே எதிர்க்கும் பிறபொருளெதிரி! காவலரைப் பிடிக்கும் காவலர் என்று சொல்லலாம். வாதக் காரணி என்று அதற்குப் பெயராயிற்று. ஆனால் அதனை முற்றாக நம்ப முடியவில்லை. வேறு தொற்றுநோய்களிலும் அது வரும். நோயேதுமில்லா முதியோரிடமும் வரும்.

1964இல் ஒல்லாந்தில் நின்ஹுயிஸ், மண்டெமா என்னும் இருவர், மனிதரின் கன்னத்து உட்புறத்திலிருந்து சுரண்டியெடுத்த கலங்களின்மேல் நோயாளரின் குருதித் தெளிவை இட்டுப் பார்த்தனர். கலத்தின் கருவைச் சூழ்ந்த சிறு மணிகளில் அக்குருதியின் பிறபொருளெதிரி சென்று ஒட்டிற்று. ஏனையோரின் குருதி பெரும்பாலும் அவ்வாறு ஒட்டவில்லை. மூட்டு நோய்க்கும் கன்னத்துக் கலத்துக்கும் என்ன உறவு? எவராலும் விடை சொல்ல முடியவில்லை. 1979இல் எலியின் உணவுக் குழாயிலும் இதே கூத்து நிகழ்ந்தது. 1990களில் பிரான்சு நாட்டார் அந்த இலக்கைப் பிடித்தனர். தோலுக்கும் வாயின் சவ்வுக்கும் உரிய பிலாகிரின் என்னும் புரதம் அது. விளக்கம் கிடைத்தது என்று மகிழ்வதற்கும் இல்லை. மூட்டுக்குள்ளே பிலாகிரின் கிடையாது. களவு போன வீடு ஒன்று, காலடி கண்ட வீடு வேறொன்று என்ற நிலை.

முடிச்சை அவிழ்த்தது 1998. ஒல்லாந்தின் நைமேகன் நகரில் வான் வென்ரோயியின் குழுவைச் சேர்ந்த ஷெல்லெகென்சும் உடனாளரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். அப்பிறபொருளெதிரிகள் தேடியது பிலாகிரின் என்ற புரதத்தையன்று. அதனுள் இருந்த சித்திருலின் என்ற ஒரு சிறு துண்டையே. எப்புரதத்திலே அத்துண்டு தக்க சூழலில் அமைந்திருந்தாலும் அங்கே அவை சென்று பற்றும். பிலாகிரின் தற்செயலாகக் கண்ணிற்பட்ட வீடு மட்டுமே.

முப்பத்து நான்கு ஆண்டுகள் எவரும் பொருள் காணாது கிடந்த கன்னத்து மணிகள்! ஆய்வுத் துறையில் இத்தகைய பொறுமைக்குப் பரிசு வழங்குவார் எவருமில்லை.

வத்தகப்பழத்தின் பெயர்

சித்திருலின் ஓர் அமினோ அமிலம். 1914இல் ஜப்பானியர் இருவர் வத்தகப்பழச் சாற்றிலிருந்து அதனை முதன்முதலிற் பிரித்தெடுத்தனர். 1930இல் வாதா என்ற அறிஞர் அதன் அமைப்பை விளக்கினார். சித்திருல்லசு என்பது அப்பழத்தின் தாவரவியற் பெயராதலால் அமிலமும் அப்பெயர் பெற்றது. பழத்தை உண்பதால் வாதம் வருமோ என்று எவரும் அஞ்ச வேண்டா. பழத்தில் தனித்திருக்கும் சித்திருலின் வேறு. எம் புரதத்தினுள்ளே விளைவது வேறு. பெயர்தான் ஒன்று.

எம் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை என்று மாணவர் படிக்கின்றனர். பரம்பரையலகு எழுதும் அந்த நெடுங்கணக்கிலே சித்திருலினுக்கு எழுத்துக் கிடையாது. அது பிறகு நுழைவது. ஆர்ஜினைன் என்னும் அமிலத்தைக் கல்சியத்தின் துணையோடு இயங்கும் ஒரு நொதியம் சித்திருலினாக மாற்றிவிடுகிறது. ஒரு சிறிது அமோனியா கழிகிறது. மாறும் நிறையோ ஏறக்குறைய ஓர் ஐதரசன் அணுவினளவே. ஆனால் ஆர்ஜினைனிடத்து இருந்த நேர் மின்னேற்றம் போய்விடுகிறது. மின்னேற்றம் போனதும் புரதத்தின் மடிப்புக் குலைகிறது, முகம் மாறுகிறது.

இம்மாற்றம் தன்னளவில் நோயன்று. தோல் தடித்து உரம் பெறுவதற்கும் மயிர் முறையாக வளர்வதற்கும் உடல் இதனையே கையாளுகிறது. எங்கே அழற்சி உண்டோ அங்கெல்லாம் மடியும் வெண்குழியங்களிலிருந்து இந்நொதியம் சிந்தும், சித்திருலினும் பெருகும். அழற்சி தணிந்ததும் யாவரும் அதனை மறந்துவிடுகிறார்கள். சிலருடைய உடல் மட்டும் மறப்பதில்லை. மாறிய முகத்தை அந்நியன் முகமென்று பதிவேட்டில் எழுதிவைத்துக்கொள்கிறது.

ஏன் சிலருடைய உடல் மட்டும்? இதற்கு விடையின் ஒரு பகுதி பரம்பரையில் இருக்கிறது. புரதத் துண்டுகளை ஏந்திக் காவற் கலங்களுக்குக் காட்டும் ஒரு தட்டு எம் கலங்களின் மேல் உண்டு. முடக்குவாத நோயாளர் பலரிடத்து அத்தட்டின் ஓரிடத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் ஒரே பாங்கில் அமைந்திருப்பதை 1987இல் கிரெகர்சனும் துணைவரும் எடுத்துக்காட்டினர். அவ்விடத்தில் ஒரு சிறு குழி. குழியின் சுவரிலே நேர் மின்னேற்றம். ஆர்ஜினைனும் நேர் மின்னேற்றமுடையதாகையால் ஒன்றையொன்று தள்ளும். மின்னேற்றமிழந்த சித்திருலினோ அக்குழியிலே வாகாகப் பொருந்திவிடும். அதன்பின் அது காவற் கலங்களின் கண்முன் நிற்கும். 2013இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இப்பொருத்தத்தை எக்ஸ் கதிர்ப் பளிங்கு முறையாற் படம்பிடித்தனர்.

அம்முறையைப் புரதங்களுக்குப் பயன்படுத்துவதில் வழிகாட்டியவர்களுள் ஒருவர் டொரதி ஹொட்ஜ்கின். 1938இல் முதற் குழந்தை பிறந்த சிறிது காலத்துள், இருபத்தெட்டாம் வயதில், அவருக்கு முடக்குவாதம் தொடங்கிற்று. கோணிய விரல்களோடுதான் அவர் பென்சிலினின் அமைப்பைக் கண்டார். 1964இல் நோபெல் பரிசு பெற்றார். 1969இல் இன்சுலினின் அமைப்பையும் வெளிப்படுத்தினார். தம் விரல்களை முடக்கிய பூட்டின் துவாரத்தை, தாம் வளர்த்த கலையே பின்னொரு நாள் காட்டும் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

பரம்பரை முழு விடையாகாது. ஒரே கருவில் உதித்த இரட்டையர் இருவருள் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பதினைந்து பேரளவில்தான். எஞ்சியதை வாழ்க்கை எழுதுகிறது. சுவீடன் நாட்டில் கிளாரெஸ்கொக் குழுவினர் 2006இல் புகைபிடித்தலைச் சுட்டினர். புகைபிடிப்போரின் நுரையீரற் கலங்களிலே சித்திருலின் ஏறிய புரதம் காணப்பட்டது. மேற்சொன்ன தட்டும் புகையும் ஒருவரிடத்துச் சேர்ந்தால் ஆபத்துப் பன்மடங்காயிற்று. முரசு நோயை உண்டாக்கும் பற்றீரியா ஒன்று ஆர்ஜினைனைச் சித்திருலினாக்கும் நொதியத்தைத் தானே உடையது என்பதும் தெரிந்தது. ஆகவே பகை முதலில் மூளும் இடம் மூட்டு அன்று, நுரையீரலோ வாயோ ஆகலாம் என்று பலர் கருதுகின்றனர். எம்மூரில் வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லுவோர் அநேகர். முரசு கரைந்து பல் ஆடுவோரும் அநேகர். வெற்றிலை போட்டால் வாதம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றில்லை. முரசிலே குருதி கசிவதை அற்பமென்று விடுவதற்கில்லை என்பதே கருத்து.

மூட்டு நோவதற்கு வெகு முன்னரே இவை நடந்துவிடுகின்றன. ஒல்லாந்தில் குருதிக் கொடை அளித்தவர்களுள் பிற்காலத்தில் முடக்குவாதம் கண்டவர்களின் பழைய குருதியை வங்கியிலிருந்து எடுத்துச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப்பேரின் குருதியில், நோய் தோன்றுவதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னரே, சிலரிடத்துப் பத்தாண்டுக்கும் முன்னரே, இப்பிறபொருளெதிரிகள் இருந்தன. ராத்தாவின் விரல் விறைத்த காலையைத்தான் நாம் தொடக்கம் என்கிறோம். காய்ச்சல் வருமுன்னரே அவர் குருதியில் அது தொடங்கியிருக்கக்கூடும்.

மாறிய கயிறு

நுரையீரலில் மூண்ட பகை மூட்டுக்கு எவ்வாறு வந்தது? இங்கேதான் கசியிழையம் மீண்டும் கதைக்குள் வருகிறது. 1977இல் அமெரிக்காவில் திரெந்தாம் முதலியோர் எலிகளுக்கு இரண்டாம் வகைக் கொலாசனை ஊசிமூலம் ஏற்றினர். எலிகளின் மூட்டுகள் வீங்கின. முதலாம் வகையும் மூன்றாம் வகையும் அவ்வாறு செய்யவில்லை. இரண்டாம் வகையையே முறுக்கவிழ்த்து ஏற்றியபொழுதும் வீக்கமில்லை. கயிறு முறுக்கோடு இருந்தால்தான் உடல் அதன்மேற் பகை கொண்டது. மனிதரிடத்தும் இதுவே நோயின் மூலம் என்று பலர் நம்பினர். ஆனால் நோயாளரின் குருதியிலே சாதாரணக் கொலாசனுக்கு எதிரான பிறபொருளெதிரி சிலரிடமே கிடைத்தது.

மாறிய கொலாசனைத் தேடியபொழுது காட்சி விரிந்தது. கொலாசனின் ஒரு குறித்த இடத்தில் இலைசீன் என்னும் அமிலத்தின்மேல் சீனி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்துத் தாக்கும் காவற் கலங்கள் நோயாளரிடத்து உண்டென்று 2002இல் ஹொல்ம்டாலின் குழு காட்டிற்று. சித்திருலின் ஏறிய கொலாசனைப் பற்றும் பிறபொருளெதிரிகள், நோய் தொடங்கிய சிறு காலத்திலேயே சிலரின் குருதியில் இருப்பதை 2005இல் கண்டனர். அழற்சியில் எழும் ஒட்சியேற்றத்தால் பழுதுற்ற கொலாசனுக்கு எதிரானவையும் அதே காலத்தில் அறியப்பட்டன. 2011இல் லைடன் நகரத்தார் இன்னொரு வகையைச் சேர்த்தனர். இலைசீனோடு சயனேற்று என்னும் பொருள் கூடினால் சித்திருலினைப்போலவே தோன்றி ஓரணு நீண்ட வேறொரு துண்டு பிறக்கிறது. அதனையும் நோயாளர் பலரின் குருதி எதிர்க்கிறது. சயனேற்றைப் பெருக்குவனவற்றுள் புகையிலைப் புகையும் ஒன்று. எல்லா வழியும் அங்கேயே திரும்பி வருவதைக் கவனிக்க.

நெடுநாட் கிடக்கும் கசியிழையம் அடையாள மாற்றங்களைச் சுமந்து நிற்கிறது. வேறிடத்தில் பழகிய பகை, ஏதோ ஓர் அடியாலோ காய்ச்சலாலோ மூட்டிலே சிறு அழற்சி எழுந்த நாளில், அங்கே தன் இலக்கைக் காண்கிறது. அழற்சி மேலும் மாற்றங்களை விளைக்கிறது; மாற்றங்கள் மேலும் பகையை விளைக்கின்றன. இவ்வாறே பலர் விளக்குவர். இவ்விளக்கத்தில் ஓட்டையில்லாமல் இல்லை. அப்பிறபொருளெதிரிகளே நோயைச் செய்கின்றனவா, அன்றி நோயின் நிழல்தானா என்ற வழக்கு அறிஞர் மன்றத்தில் இன்னும் தீரவில்லை. நோயாளருள் மூன்றில் ஒரு பங்கினரின் குருதியில் அவை காணப்படுவதேயில்லை. அவர்களுக்கும் விரல் கோணுகிறது.

அடையாளமாக மட்டும் கொண்டால் அதன் பயன் பெரிது. அவ்வெதிரி நிறைந்திருந்தால் முடக்குவாதம் என்பது பெரும்பாலும் உறுதி. சிக்குன்குனியாவின் மிச்சத்தில் அது பெரும்பாலும் காணப்படுவதில்லை. 2010இல் உலக வாதநோய் வைத்தியர் வகுத்த இலக்கணத்திலும் அது இடம்பெற்றது.

பழைய மருத்துவமும் புதிய குளிசையும்

ஆயுர்வேதத்தார் இந்நோயை ஆமவாதம் என்பர். மாதவ நிதானம் அதனைத் தனி நோயாக விரித்துரைக்கிறது. ஆமம் என்பது செரியாது நின்ற பொருள். தன் உடலுக்குள் விளைந்ததே தனக்கு ஒவ்வாததாகி மூட்டிலே சென்று தங்குகிறது என்ற எண்ணம், விவரங்களில் இக்காலத்தாரோடு பொருந்தாவிடினும், திசையில் வெகுதூரம் விலகவில்லை. யூனானி வைத்தியர் வஜஉல் மபாசில் என்று அரபுப் பெயரால் வழங்குவதும் மூட்டு நோவையே.

எம்மவர் இவ்வைத்தியங்களை நாடுவது இயல்பு. அவற்றை ஏளனஞ் செய்யும் மேலைப் படிப்பாளரோடு எனக்கு உடன்பாடில்லை. கோயம்புத்தூரில் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிதியைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 2011இல் அதன் முடிவு வெளிவந்தது. 43 நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெதொட்டிறெக்சேற்று என்னும் மேலைக் குளிசை, மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்தனர். யாருக்கு எது என்று நோயாளரும் அறியார், அளப்பவரும் அறியார். 36 கிழமை சென்றபின் மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் கண்டன. சிறிய சோதனை, இதனை வைத்து ஒன்றை விட்டு ஒன்றைப் பிடி என்று சொல்ல முடியாது. ஆனால் முறையாகப் பயின்ற வைத்தியர் ஆளறிந்து கொடுத்த மருந்தைப் பற்றிய செய்தி அது. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் விற்கும் சூரணம் மூன்று நாளில் வீக்கத்தை வடியச் செய்தால் ஐயுற வேண்டும். ஸ்டெரொயிட்டுக் கலந்த போலிகள் தென்னாசியாவில் பிடிபட்டதுண்டு.

அந்த ஸ்டெரொயிட்டும் ஒருகாலத்தில் அற்புதமாகத்தான் வந்தது. 1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் பிலிப் ஹெஞ்ச் ஓர் இளம் பெண்ணுக்குக் கோட்டிசோனை ஏற்றினார். படுக்கையிற் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபெல் பரிசு. அடுத்த சில ஆண்டுகளில் அதன் தீங்குகள் வெளிப்பட்டன.

மெதொட்டிறெக்சேற்றின் வரலாறு எமக்கு இன்னும் அணுக்கமானது. ஆந்திரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அந்நகரின் ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூற்றியல் கற்பித்துப் பின் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பராவ். அவர் தலைமையிலே லெடர்லி ஆய்வுகூடத்தார் போலிக் அமிலத்தையும் அதற்கு எதிரான மருந்துகளையும் ஆக்கினர். குருதிப் புற்றுநோய்க்கென ஆக்கிய அக்குடும்பத்து மருந்து 1951இல் முதன்முதல் முடக்குவாதத்துக்குப் பயன்பட்டது. 1980களின் நடுப்பகுதியிலேதான் அதன் நன்மை ஐயமறத் தெளிந்தது. இன்றும் இந்நோய்க்கு முதல் மருந்து அதுவே. விலை மலிந்தது. கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது; நாடோறும் உண்டால் உயிருக்கே கேடு. இவ்வொரு செய்தியை நோயாளரின் வீட்டார் எல்லாரும் அறிந்திருத்தல் நன்று.

மருந்து எதுவாயினும் மூட்டு அரிபடுமுன் தொடங்கவேண்டும். வீக்கம் தோன்றிய முதற் சில மாதங்களில் தொடங்கியோர்க்கும் ஆண்டுகள் கழித்துத் தொடங்கியோர்க்கும் உள்ள வேறுபாடு, கை வேலை செய்வோருக்குச் சோற்றுக்கும் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு. கரைந்த கசியிழையத்தை மீட்டுத் தரும் மருந்து கிடையாது.

எங்கள் ராத்தாவுக்கு ஏறத்தாழ இரண்டாண்டு காலம் “காய்ச்சலின் மிச்சம்” என்ற சொல்லே மருந்தாயிருந்தது. தைலம் தடவினார், நோவுக் குளிசை விழுங்கினார், பொறுத்தார். கடைசியில் ஒரு வைத்தியர் குருதியைச் சோதிக்கச் சொன்னார். சித்திருலினுக்கு எதிரான பிறபொருளெதிரி நிறைந்திருந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் குளிசை. ஜும்ஆ நாளென்பதால் மறப்பதில்லை. வீக்கம் வடிந்தது. பைப்பைத் தாமே திறக்கிறார். வலக்கையில் இரண்டு விரல்கள் மட்டும் கோணியபடியே நின்றுவிட்டன. தொழுகைக்குரிய சிறு பாய்களை மெல்ல மெல்ல இழைக்கிறார்; பெரிய பாயை மகள் இழைக்கிறாள்.

சென்ற நோன்பில் அம்மகள் என்னிடம், “எனக்கும் வருமா சாச்சா?” என்று கேட்டாள். தாய்க்கு உள்ள பெண்ணுக்கு மற்றவரினும் மூன்று மடங்களவு மிகுதியென்று நூல்கள் கூறுவதையும், அம்மூன்று மடங்கும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேற் செல்வதில்லை என்பதையும் சொன்னேன். எதிரிகள் குருதியில் ஏறி, மூட்டு நோவும் கண்டு, வீக்கம் மட்டும் தோன்றாதிருப்போருக்கு அபட்டசெப்டு என்னும் மருந்தைக் கொடுத்து நோயைத் தள்ளிப்போட முடிந்தது என்று 2024இல் வெளியான இரண்டு ஆய்வுகளைப் பற்றியும் சொன்னேன். மருந்தை நிறுத்தியபின் அப்பயன் மெல்லக் குறைந்ததையும் மறைக்கவில்லை. நோயெதுவும் இல்லாதவர் இப்பொழுதே குருதியைச் சோதிக்க ஓட வேண்டியதில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, சுபஹுக்குப் பைப்பைத் திறக்கும்பொழுது தன் விரல்களையும் ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பாயின் அடுத்த பன்னை எடுத்தாள்.